அழும் முகம், அசையாத உடல்: கடினமான பிரசவத்துக்குப் பின் பச்சிளங்குழந்தையின் தண்டுவடக் காயத்தைக் கண்டறிவது எப்படி?

ஒரு நாள் விடியற்காலை உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 108 வண்டியில் ஓர் ஆண் குழந்தை எங்கள் வார்டுக்கு வந்து சேர்ந்தது. புட்டம் முன்னால் வந்த பிரசவம். உடம்பு வெளியே வந்த பிறகு தலை சிக்கிக்கொண்டதால், இழுத்து எடுக்க வேண்டியதாகிவிட்டது. கூட வந்த சீட்டில் 'பிறந்ததும் அழவில்லை, மூச்சுத்திணறல்' என்று ஒரே வரிதான் இருந்தது. வார்மரில் (உடம்புக்குச் சூடு தரும் படுக்கையில்) கிடத்தியபோது குழந்தை கண்ணை அகலத் திறந்து விளக்கைப் பார்த்தது. புருவம் சுருங்கியது, உதடு பிதுங்கியது, அழுதது. சத்தம் மட்டும் பூனைக்குட்டியின் முனகலாக இருந்தது. கழுத்துக்குக் கீழே உள்ள உடம்போ அந்த அழுகையில் கலந்துகொள்ளவே இல்லை. பணியிலிருந்த மூத்த செவிலியர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "டாக்டர், முகம் அழுகிறது, உடம்பு சும்மா கிடக்கிறது. இது வெறும் மூச்சுத்திணறலாகத் தெரியவில்லை."

அந்த ஒரு வாக்கியத்தில் நோயறிதலின் பாதி முடிந்துவிட்டது. மீதிப் பாதியை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், பேரையூர், வாடிப்பட்டி போன்ற ஊர்களில் இரவுப் பணியில் தனியாக நிற்கும் இளம் மருத்துவர்களையும் செவிலியர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். இப்படி ஒரு குழந்தையைப் பெற்றுவிட்டு, யாரும் ஒன்றும் விளக்கமாகச் சொல்லாமல் வார்டு வாசலில் காத்திருக்கும் பெற்றோரும் படிக்கலாம். அவர்களுக்குப் புரியாத சொல் இதில் அதிகம் இருக்காது.

பிரசவத்தில் நேரும் இந்தத் தண்டுவடக் காயம் அரிது. அரிது என்பதாலேயே தவறவிடப்படுகிறது. துவண்டு கிடக்கும் எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் 'மூச்சுத்திணறல்' என்று எழுதிவிடுவது நம் எல்லோருக்கும் கைப்பழக்கமாகிவிட்டது.

எலும்பு தாங்கும், தண்டுவடம் தாங்காது

பச்சிளங்குழந்தையின் முதுகெலும்புக் கோர்வையில் குருத்தெலும்பே அதிகம். தசைநார்கள் தளர்வாக இருக்கும். இழுத்தால் அந்தக் கோர்வை ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வரை நீண்டு கொடுக்கும் என்றும், உள்ளே ஓடும் தண்டுவடம் 6 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டால் கிழிந்துவிடும் என்றும் பழைய உடற்கூறு ஆய்வுகள் சொல்கின்றன. வெளிக்கூடு முறியாமல் உள்ளே இருப்பது அறுந்துபோகலாம். எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதை வைத்துத் தண்டுவடம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாததற்கு இதுவே காரணம். இந்த ஒரு செய்தி மனத்தில் நின்றால், பின்னால் வரும் படிகள் எல்லாம் தாமாகவே விளங்கும்.

காயம் பெரும்பாலும் இரண்டு வழிகளில் நேர்கிறது. புட்டமோ காலோ முன்னால் வந்து, தலை சிக்கி, உடம்பைப் பிடித்து இழுக்கும்போது கழுத்தின் கீழ்ப்பகுதியும் மார்பின் மேல்பகுதியும் அடிபடுகின்றன. தலை முன்னால் வந்து, ஆயுதம் (இடுக்கிபோன்ற கருவி) போட்டுத் தலையைத் திருப்பி எடுக்கும்போது கழுத்தின் மேல்பகுதி முறுக்கப்படுகிறது. வயிற்றுக்குள் தலையைப் பின்னுக்கு மிகவும் சாய்த்து, வானத்தைப் பார்ப்பதுபோல இருக்கும் புட்டக் குழந்தைக்கு ஆபத்து இன்னும் அதிகம். பிரசவத்துக்கு முன்பே ஸ்கேனில் இது தெரிந்தால், சிசேரியன்தான் சரி.

முதல் படி: கழுத்தைக் காப்பாற்றுங்கள்

சந்தேகம் வந்த நொடியிலிருந்து, தலையும் உடம்பும் ஒரே மரக்கட்டையாக இருப்பதுபோல நடத்துங்கள். பச்சிளங்குழந்தையின் பின்மண்டை பெரியது. சமமான படுக்கையில் கிடத்தினால் தலை முன்னுக்கு மடங்கி, தாடை நெஞ்சில் இடிக்கும். அதனால் தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு மெல்லிய துணி மடிப்பை அடியில் வையுங்கள். காது தோளின் நேர்க்கோட்டில் வந்தால் போதும். தலையின் இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி அணையாக வையுங்கள். கழுத்துப்பட்டை எதையும் இறுக்கிக் கட்ட வேண்டாம். பச்சிளங்குழந்தைக்கு அளவான பட்டை கிடைப்பது அரிது. பொருந்தாத பட்டை மூச்சை அடைக்கும்.

மூச்சுக்குழாய் போட வேண்டியிருந்தால், ஒருவர் இரண்டு கையாலும் தலையை நேராகப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் போடட்டும். வழக்கமாகத் தலையை நிமிர்த்துவதைப்போல இங்கே நிமிர்த்தக் கூடாது. மூச்சுக்கும் கழுத்துக்கும் போட்டி வந்தால் மூச்சுதான் முதலில். கழுத்துக்குப் பயந்துகொண்டு நீலமாகும் குழந்தையைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் சேர்த்தே பாருங்கள். இரத்தம் இழந்த குழந்தைக்கு அழுத்தம் குறையும், துடிப்பு ஓடும். தண்டுவடம் அடிபட்ட குழந்தைக்கு அழுத்தம் குறைந்தும் துடிப்பு மெதுவாகவே இருக்கலாம். எந்தக் காரணமானாலும், அழுத்தத்தைச் சரியான அளவில் வைத்திருப்பது அடிபட்ட தண்டுவடத்துக்கு நீங்கள் செய்யும் முதல் வைத்தியம். வேக்குவம் (தலையை உறிஞ்சிப் பிடிக்கும் கருவி) போட்டு எடுத்த குழந்தையாக இருந்தால், தலைத்தோலுக்கு அடியில் இரத்தம் கட்டியிருக்கிறதா என்று உச்சந்தலையைத் தொட்டுப் பார்க்காமல் விடாதீர்கள்.

இரண்டாம் படி: பிரசவத்தின் கதையைக் கேளுங்கள்

சீட்டில் எழுதாத செய்திகள்தான் பெரும்பாலும் நமக்கு வேண்டியவை. பிரசவம் பார்த்தவரிடம் நேரடியாகவோ தொலைபேசியிலோ பேசுங்கள். குற்றம் கண்டுபிடிக்கும் குரலில் கேட்டால் ஒரு செய்தியும் வராது. "நீங்கள் அந்த நேரத்தில் என்ன பார்த்தீர்கள், சொல்லுங்கள் சிஸ்டர், குழந்தைக்கு உதவும்" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். தலை எவ்வளவு நேரம் சிக்கியது? எதைப் பிடித்து இழுத்தார்கள்? ஆயுதமா, வேக்குவமா? தலை சுழற்றப்பட்டதா? தோள் மாட்டிக்கொண்டதா? 'டக்' என்று ஏதாவது சத்தம் கேட்டதா? கடைசிக் கேள்வி கேட்கக் கடினமானதுதான். ஆனாலும் சில பிரசவங்களில் அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது.

தாயிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று தனியாக இருக்கிறது. "வயிற்றுக்குள் இருக்கும்போது பிள்ளை நன்றாக உதைத்ததா அம்மா?" கடைசி நாள் வரை நன்றாக உதைத்த குழந்தை பிறந்தபின் அசையவில்லை என்றால், நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. மாதக்கணக்கில் அசைவு குறைவாகவே இருந்து, பனிக்குட நீரும் அதிகமாக இருந்திருந்தால், பிறவியிலேயே வந்த தசை நோயையோ நரம்பு நோயையோ தேட வேண்டும். எந்த ஸ்கேனுக்கும் முன்னால், செலவில்லாமல் கிடைக்கும் தகவல் இது. தாய்க்கு இரத்த அழுத்தமோ வலிப்போ வந்து மக்னீசியம் சல்ஃபேட் ஊசி போட்டார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மருந்து குழந்தையையும் துவளச் செய்யும்.

மூன்றாம் படி: 5 நிமிடம் தொடாமல் பாருங்கள்

இந்தப் படியில்தான் அவசரப்படுகிறோம். ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். குழந்தையின் துணியை முழுவதும் நீக்கி, வார்மரின் சூட்டில் வைத்துப் பாருங்கள்.

முதலில் முகம். கண் திறக்கிறதா, ஒளியைத் தேடுகிறதா, வாய் சப்புகிறதா, முகம் சுளிக்கிறதா? முகத்துக்கான நரம்புகள் மூளைத்தண்டிலிருந்து நேரே வருகின்றன. தண்டுவடத்தில் என்ன ஆனாலும் அவை பிழைத்திருக்கும். மூளைக்குப் பிராணவாயு குறைந்த குழந்தையோ மயங்கியிருக்கும், அல்லது வெறித்துப் பார்க்கும், வலிப்பு வரும், சப்பாது. அதன் முகமும் உடம்பும் சேர்ந்தே துவளும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கழுத்தின் மேல்பகுதியில் அடிபட்ட குழந்தைக்குப் பிறந்ததும் மூச்சே வராது. அதனால் மூளையும் பாதிக்கப்படும். இரண்டும் ஒன்றாக வந்த குழந்தை மயங்கித்தான் கிடக்கும். அதை மூளைப் பாதிப்பு என்று மட்டும் எடுத்துக்கொண்டு, 72 மணி நேரம் உடலைக் குளிர்விக்கும் சிகிச்சையில் வைத்துவிட்டால், தண்டுவடத்தைப் பற்றி யாருக்கும் நினைவு வராது. பிரசவம் கடினமாக இருந்து, நாள் ஆக ஆக முகம் தெளிந்துகொண்டே வந்து, கைகால் மட்டும் தெளியாமல் இருந்தால், முதல் நாள் எழுதிய நோய்ப் பெயரை அழித்துவிட்டுப் புதிதாக யோசியுங்கள்.

அடுத்து மூச்சு. நெஞ்சையும் வயிற்றையும் ஒரே பார்வையில் வைத்துப் பாருங்கள். வயிறு மேலே எழும்போது நெஞ்சு உள்ளே அமுங்கினால், உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள மூச்சுத் தசை) வேலை செய்கிறது, விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் வேலை செய்யவில்லை என்று பொருள். உதரவிதானத்துக்கான நரம்பு கழுத்தின் 3, 4, 5-ஆம் தண்டுவடப் பகுதிகளிலிருந்து வருகிறது. அதற்குக் கீழே அடிபட்டால் வயிற்று மூச்சு நிற்காது. அதற்கு மேலே அடிபட்டால் மூச்சே இருக்காது. உசிலம்பட்டிக் குழந்தையின் நெஞ்சு, ஒவ்வொரு மூச்சுக்கும் மணியைக் கவிழ்த்ததுபோல மேலே குறுகி, கீழே விரிந்தது. அழுகை மெலிந்ததற்கும் அதுவே காரணம். சத்தம் போட்டு அழ விலாத் தசைகள் வேண்டும்.

கைகளின் கிடப்பையும் கவனியுங்கள். முழங்கை மடங்கி, கை தோளிலிருந்து விலகி, சரணடைந்தவர் கையைத் தூக்கியதுபோல இருந்தால், கழுத்தின் நடுப்பகுதிக்குக் கீழே காயம் இருக்கலாம். முழங்கையை மடக்கும் தசை வேலை செய்கிறது, நீட்டும் தசை செய்யவில்லை. ஒரு கண்ணின் இமை சற்றுத் தொங்கி, அந்தப் பக்கப் பாவை சிறுத்திருந்தால், கழுத்தும் மார்பும் சேரும் இடத்தில் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது.

நான்காம் படி: கையால் சோதியுங்கள், முகத்தைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால், இதைத்தான் சொல்வேன்.

குழந்தையின் கால் பெருவிரல் நகத்தின் மேல் உங்கள் கட்டைவிரலால் அழுத்துங்கள். கால் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. 'கால் அசைகிறது, பயமில்லை' என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். அழுத்தும்போது உங்கள் கண் காலில் இருக்கக் கூடாது, முகத்தில் இருக்க வேண்டும். வலி மூளைக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் முகம் சுளிக்கும், அழுகை வரும், மூச்சு மாறும். கால் இழுத்துக்கொண்டும் முகத்தில் சலனமே இல்லை என்றால், அந்த இழுப்பு தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி தானாகச் செய்த அனிச்சை. மேலே செய்தி போகவில்லை.

அனிச்சைக்கும் உண்மையான அசைவுக்கும் வேறு வித்தியாசங்களும் உண்டு. அனிச்சை ஒவ்வொரு முறையும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாகவே இருக்கும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் சேர்ந்து மடங்கும். தொட்டால்தான் வரும். குழந்தை தானாக அசைப்பதோ ஒருமுறைபோல மறுமுறை இருக்காது. யாரும் தொடாமலே உதைக்கும், விரலை விரிக்கும், பாதத்தைச் சுழற்றும். ஒரு காலத்தில் நானே இந்த இழுப்பைப் பார்த்து ஏமாந்து, 'நான்கு கைகாலும் அசைகின்றன' என்று எழுதியிருக்கிறேன். மூன்று நாள் கழித்துத்தான் தவறு புரிந்தது. அதற்குப் பிறகு, முகத்தைப் பார்க்காமல் எந்தக் குழந்தையின் காலையும் அழுத்தியதில்லை.

முதல் சில நாட்களில் தண்டுவடம் அதிர்ச்சியில் இருக்கும். அப்போது அனிச்சைகூட வராது. கை கால் வெந்நீரில் நனைத்த துணிபோல விழும், முட்டியில் தட்டினால் ஒன்றும் நடக்காது. நாள் போகப் போக அனிச்சைகள் திரும்பி வரும், வேகமாகவும் வரும். குடும்பத்தார் அதைப் பார்த்து 'பிள்ளை கால் ஆட்டுகிறது' என்று மகிழ்வார்கள். அந்த நேரத்தில் நீங்கள் அளந்து பேச வேண்டும்.

இப்போது உணர்ச்சியின் எல்லைக்கோட்டைத் தேடுங்கள். குழந்தை விழித்து அமைதியாக இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஊசி வேண்டாம். பஞ்சு சுற்றிய குச்சியின் மழுங்கிய நுனி போதும். பாதத்தில் தொடங்கி மேலே ஏறுங்கள். ஒவ்வோர் இடத்திலும் மெல்ல அழுத்தி, முகத்தைப் பாருங்கள். தொடை, கவட்டி, தொப்புள், மார்புக் காம்பு, அக்குள், தோள். எந்த இடத்தில் முதன்முதலாக முகம் சுளிக்கிறதோ, அங்கே தோலில் பேனாவால் ஒரு சிறு கோடு போட்டு, தேதியும் நேரமும் எழுதிவையுங்கள். கவட்டி இடுப்பின் முதல் தண்டுவடப் பகுதிக்கும், தொப்புள் மார்பின் 10-ஆம் பகுதிக்கும், காம்பு மார்பின் 4-ஆம் பகுதிக்கும், தோளின் உச்சி கழுத்தின் 4-ஆம் பகுதிக்கும் அடையாளம். உசிலம்பட்டிக் குழந்தைக்கு அந்தக் கோடு காம்புக்கு இரண்டு விரல் மேலே விழுந்தது. கோட்டுக்குக் கீழே தோல் சற்று வெதுவெதுப்பாகவும் நிறம் மாறியும் இருந்தது. கையை வைத்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் தெரிந்தது.

கடைசியாக, கூச்சப்பட்டு நாம் விட்டுவிடும் இரண்டு இடங்கள். அடிவயிற்றைத் தடவினால் மூத்திரப்பை எலுமிச்சம்பழம்போல உருண்டு நிற்கிறதா? இலேசாக அழுத்தினால் சொட்டுச் சொட்டாக வழிகிறதா? ஆசனவாயின் ஓரத்தைக் குச்சியால் தொட்டால் சுருங்குகிறதா, திறந்தபடியே இருக்கிறதா? நிறைந்த மூத்திரப்பையும் தளர்ந்த ஆசனவாயும் சேர்ந்து இருந்தால், தசை நோய் பற்றிய யோசனையை ஓரமாக வைத்துவிடலாம். முதுகையும் பாருங்கள். ஆனால் புரட்டும்போது இரண்டு பேர் சேர்ந்து, தலையையும் உடம்பையும் ஒன்றாகத் திருப்புங்கள். முடிக்கற்றை, குழி, வீக்கம், நிறத்திட்டு எதுவும் இருந்தால் பிறவிக் குறை ஒன்று உள்ளே இருக்கலாம்.

வேறு எது இப்படித் தோன்றும்?

மூளைப் பாதிப்பைச் சொல்லிவிட்டேன். அடுத்து அடிக்கடி குழப்புவது, தோள் நரம்புப் பின்னல் இழுபட்டு வரும் கை வாதம். அதில் ஒரு கை மட்டும் உடம்போடு ஒட்டி, உள்ளே திரும்பிக் கிடக்கும். கால்கள் நன்றாக உதைக்கும். இரண்டு கையும் விழுந்திருந்தால், அதை இரட்டைக் கை வாதம் என்று எழுதுவதற்கு முன் தண்டுவடத்தை நினையுங்கள். காறை எலும்பு முறிந்த குழந்தையும் கையை அசைக்காது. ஆனால் அங்கே தொட்டால் வீறிடும், நறநறவென்று கைக்குத் தட்டும்.

மக்னீசியம் ஏறிய குழந்தைக்கு முகமும் சேர்ந்து துவளும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தெளிந்துவிடும். தண்டுவடத் தசை நலிவு நோயில் முகம் தெளிவாகவும் கைகால் துவண்டும் இருப்பதால் குழப்பம் வரும். ஆனால் அதில் வலி தெரியும், மூத்திரம் சரியாகப் போகும், நாக்கில் புழு நெளிவதுபோல நடுக்கம் தெரியலாம். பெரும்பாலும் பிறந்த அன்றே வருவதில்லை, வாரங்கள் கழித்து வரும். சந்தேகம் இருந்தால் மரபணுச் சோதனைக்கு இரத்தம் அனுப்பிவிடுங்கள். இப்போது அதற்கு மருந்துகள் இருக்கின்றன. காலம் தாழ்த்தினால் பயன் குறையும்.

தொப்புள் தமனியில் குழாய் போட்ட குழந்தைக்குப் பிற்பாடு திடீரென்று கால்கள் விழுந்தால், காரணம் பிரசவத்தில் இல்லை. தண்டுவடத்துக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். அதனால்தான் முதல் மணி நேரத்துப் பரிசோதனையை நேரத்தோடு எழுதிவையுங்கள் என்று சொல்கிறேன்.

படங்களும் சோதனைகளும்

எக்ஸ்ரே நேராகவும் பக்கவாட்டிலும் எடுங்கள். முறிவோ நகர்வோ தெரிந்தால் உதவும். தெரியாவிட்டால் எதையும் விலக்காது.

அல்ட்ராசவுண்ட் நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி. பச்சிளங்குழந்தையின் முள்ளெலும்பு வளைவுகள் முழுதும் எலும்பாகாததால், முதல் 3, 4 மாதங்கள் வரை ஒலி அலை உள்ளே போய் வரும். படுக்கையிலேயே, ஒருக்களித்த நிலையிலேயே பார்த்துவிடலாம். தண்டுவடம் வீங்கியிருப்பதும் உள்ளே இரத்தம் கசிந்திருப்பதும் தெரியும். தலையையும் அதே நேரத்தில் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

முடிவு சொல்வது எம்.ஆர்.ஐ. பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையிலும், ஊரிலுள்ள தனியார் ஸ்கேன் மையங்களிலும் இந்த வசதி உண்டு. சீட்டில் 'துவண்ட குழந்தை' என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். 'புட்டப் பிரசவம், தலை சிக்கியது, உணர்ச்சிக் கோடு காம்புக்கு மேல், கழுத்தும் மார்பும் சேரும் இடத்தில் காயம் என்று சந்தேகம். மூளையும் முழு முதுகும் வேண்டும்' என்று எழுதுங்கள். இரத்தக் கசிவைக் காட்டும் படவரிசையையும் கேளுங்கள். நிலையான குழந்தைக்கு மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. பால் கொடுத்து, துணியில் பொதிந்து, காதை மூடினால் தூங்கிவிடும். மூச்சுக் கருவியில் இருக்கும் குழந்தைக்குக் காந்த அறைக்கு ஏற்ற கருவிகள் இருக்கின்றனவா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள் படத்தில் ஒன்றும் தெரியாமல் போவதுண்டு. கை சொன்னதும் படம் சொன்னதும் முரண்பட்டால் கையை நம்புங்கள். சில நாள் கழித்து மீண்டும் எடுங்கள். தசையில் ஊசி செருகிப் பார்க்கும் மின்சோதனை முதல் வாரத்தில் பயன் தராது. 2, 3 வாரம் போகட்டும். இரத்தம் உறையும் தன்மையை மறக்காமல் பாருங்கள், வைட்டமின் கே ஊசி போட்டாயிற்றா என்பதையும். ஸ்டீராய்டு கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பச்சிளங்குழந்தைக்கு அதனால் நன்மை என்று நிறுவப்படவில்லை. நான் கொடுப்பதில்லை.

மதுரைக்கு அனுப்பும்போது

உசிலம்பட்டியிலிருந்து செக்கானூரணி வழியாக மதுரை ஏறக்குறைய 40 கிலோமீட்டர். வேகத்தடைகள் எத்தனை என்று அந்தச் சாலையில் போகிறவர்களுக்குத் தெரியும். 108-ல் பச்சிளங்குழந்தைகளுக்கென்று தனி வண்டி இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். தாயின் மடியில் வைத்து அனுப்பாதீர்கள். தலையும் உடம்பும் ஒரே கோட்டில், இரண்டு பக்கமும் அணை, நெற்றிக்குக் குறுக்கே மெல்லிய துணிப்பட்டை, உடம்புக்குச் சூடு. தண்டுவடம் அடிபட்ட குழந்தை தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளாது, சுற்றியுள்ள காற்றின் சூட்டுக்கு ஏறி இறங்கும். ஓட்டுநரிடம் சொல்லுங்கள்: "அண்ணே, ஐந்து நிமிடம் தாமதமானாலும் பரவாயில்லை, குழியில் இறக்கிவிடாதீர்கள்." கூடவே பிரசவக் குறிப்பு, 1, 5, 10 நிமிட அப்கார் மதிப்பெண்கள் (பிறந்ததும் குழந்தையின் நிலையை அளப்பவை), பேனாக் கோடு போட்ட நேரம், எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி அனுப்புங்கள்.

மறுபடியும் மறுபடியும்

முதல் பரிசோதனை ஒரு புள்ளிதான். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று அதே கைகள் அதே முறையில் சோதிக்க வேண்டும். முடிந்தால் ஒரே மருத்துவரே செய்வது நல்லது. முதல் நாள் தானாக மூச்சு விடுகிறதா, முதல் 3 மாதங்களில் கைகால் அசைவு எவ்வளவு திரும்புகிறது என்ற இரண்டும்தான் எதிர்காலத்தைப் பற்றி அதிகம் சொல்கின்றன. அதனால் முதல் வாரத்திலேயே 'இனி ஒன்றும் இல்லை' என்றும் சொல்லாதீர்கள், 'எல்லாம் சரியாகிவிடும்' என்றும் சொல்லாதீர்கள்.

வாசலில் நிற்கும் குடும்பத்திடம்

உசிலம்பட்டிக் குழந்தையின் அம்மாச்சி, எம்.ஆர்.ஐ. முடிந்த அன்று மாலை ஒரு பழைய நூல் சேலையோடு வந்தார். "டாக்டரம்மா, பிள்ளைக்கு உரம் விழுந்திருக்கிறது. எங்கள் ஊரில் கைராசிக்காரி ஒருத்தி இருக்கிறாள். சேலையில் போட்டு நாலு உருட்டு உருட்டினால் எழுந்துவிடும். ஒரு தடவை விட்டுப் பாருங்கள் தாயி" என்றார். கையெடுத்துக் கும்பிட்டபடியே கேட்டார்.

நம் பக்கத்தில் குழந்தை கழுத்தைத் திருப்பாமல் அழுதால் உரம் என்பார்கள், சேலையில் உருட்டுவார்கள். தண்டுவடம் அடிபட்ட குழந்தையை அப்படி உருட்டினால், மிச்சமிருக்கும் இழைகளும் அறுந்துபோகலாம். குளிப்பாட்டும்போது காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும், கைகாலைக் குறுக்கே இழுத்து நீவுவதும் அப்படியே. இதைத் திட்டிச் சொல்லிப் பயனில்லை. அவரை உள்ளே அழைத்து, கையைக் கழுவச் சொல்லி, குழந்தையின் பாதத்தில் நானே அழுத்திக் காட்டினேன். "முகத்தைப் பாருங்கள் அம்மா." முகம் அசையவில்லை. தோளில் அழுத்தினேன். முகம் சுருங்கியது. அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நடுவில் கம்பி அறுந்துவிட்டது" என்றார். நான் அதுவரை படித்த எந்த விளக்கத்தையும்விட அது தெளிவாக இருந்தது. அந்தச் சேலையை வாங்கி, துவைத்து உலர்த்தி, இரண்டாகக் கிழித்துச் சுருட்டி, குழந்தையின் தலைக்கு இருபுறமும் அணையாக வைத்தோம்.

தாய்க்குக் குழந்தையைத் தொடக் கொடுங்கள். முகத்தையும் கன்னத்தையும் தொட்டால் குழந்தைக்குத் தெரியும், அங்கேதான் அதன் உலகம் இப்போது இருக்கிறது. பாலைப் பீய்ச்சிக் கொடுக்கச் சொல்லுங்கள். யாருடைய தவறு என்ற கேள்வி அவர்களிடமிருந்து வரும். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எதையும் மறைக்காதீர்கள், எதையும் ஊகித்துச் சேர்க்காதீர்கள்.

வீட்டுக்குப் போகும் நாளில் சொல்லவேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. மூத்திரப்பை தானாகக் காலியாகாவிட்டால், சுத்தமான சிறு குழாயை நேரம் தவறாமல் போட்டு எடுக்கத் தாய்க்குக் கற்றுக்கொடுங்கள். காய்ச்சல் வந்தால் முதலில் சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும். குறைபாடுள்ள குழந்தைகளுக்கான மாவட்ட இடையீட்டு மையத்தில் இயன்முறை சிகிச்சைக்குப் பதிவு செய்துவிடுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாவிட்டால் வார்டிலிருந்து கிளம்பும் முன்பே விண்ணப்பம் எழுதவையுங்கள். உணர்ச்சி இல்லாத தோலில் சூடு பட்டால் குழந்தை அழாது. குளிக்கும் வெந்நீரை எப்போதும் தாய் தன் முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே ஊற்றட்டும். சேலைத் தொட்டில் வேண்டாம். அதில் கழுத்து மடங்கும், பலமில்லாத நெஞ்சு நசுங்கும். தரையில் பாய் விரித்து, மேலே மெல்லிய மெத்தை போட்டு, நேராகக் கிடத்தட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, தலையும் உடம்பும் சேர்ந்தே ஒருக்களித்துத் திருப்பட்டும். திருப்புவதை வார்டிலேயே மூன்று முறை செய்யவைத்து, கூட நின்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.